ஸ்டெல்லாவின் சாய்வெழுத்து

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் மழைக்கு ஒதுங்கினேன். தேத்தண்ணிக் கடை என்று நான்தான் சொல்கிறேன், அவர்கள் கஃபே என்கிறார்கள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில், புதிதாக எழும்பிய மாடிவீட்டுத் தொகுதியின் கீழ்த்தளத்தில், பளபளவென்ற கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. பெயர் "அந்தக் காலம்". சுவருக்குப் பூசிய பெயின்ற் மணமே இன்னும் போகவில்லை, அதற்குள் அந்தக் காலமாம். பழைய தையல் மெஷினின் காலை மேசைக்காலாக்கி வைத்திருந்தார்கள். அரிக்கேன் லாம்புக்குள் மின்குமிழ் எரிந்தது. கரண்ட் இல்லாத காலத்தில் அந்த லாம்பின் சிமினியைத் துடைத்துத் துடைத்து விரலை வெட்டிக்கொண்டவள் நான். எனக்கு அதை ரசிக்க வரவில்லை.

இஞ்சித் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால் சுவர் முழுக்கக் கரும்பலகை. கடையின் பெயரும் சாப்பாட்டு வகைகளும் பெரிய தமிழ் எழுத்தில், எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, தடிப்பும் மெலிவுமாக இருந்தன. எழுத்துகளின் ஓரம் அரித்து, நடுநடுவே வெடித்து, மழையில் பாதி உரிந்த சுவர் விளம்பரத்தைப் போலக் கிடந்தது. சும்மா வாசித்துக்கொண்டே வந்தவள் உழுந்து வடையில் நின்றுவிட்டேன். மற்றவர்கள் தடிப்பாக இழுக்கிற இடத்தில் அந்த எழுத்து மெலிந்திருந்தது, மெலிய வேண்டிய வளைவில் தடித்திருந்தது. உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் அப்படி எழுதுவாள்.

"இந்தப் பலகையை ஆர் எழுதினது, தம்பி?" என்று கடைக்காரரைக் கேட்டேன். பிரணவன் என்று பெயர். மெல்பேர்னில் படித்துவிட்டு வந்து கடை போட்டிருக்கிற இளைஞர், நல்ல பணிவு.

"எழுதேல்லை அன்ரி, அது ஃபொன்ட். நெட்டில வாங்கினனான். விண்டேஜ் லுக். பழைய கலியாணக் கார்ட் ஒண்டில இருந்து எடுத்துச் செய்திருக்கினம். இந்தத் தடிப்பு விழுற இடத்தைப் பாருங்கோ, வேற ஒரு ஃபொன்டிலயும் இப்பிடி வராது."

"ஆற்ற கையெழுத்தாம்?"

"அது தெரியாது அன்ரி. அன்னோன் ஆர்ட்டிஸ்ட் எண்டு போட்டிருக்கு."

தேத்தண்ணி வந்தது. இஞ்சி மணத்தில் ஏதேதோ நினைவு வந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாயிருக்கும். உண்மை என்னவென்றால் எனக்கு வந்தது முகப்பவுடர் மணம். அதோடு சேர்ந்து ஒரு கோபமும் வந்தது. இத்தனை வருஷமாக அது எங்கே படுத்துக் கிடந்ததோ, அப்படியே சூடாக எழும்பி வந்தது.

அன்னோன் ஆர்ட்டிஸ்டின் பெயர் ஸ்டெல்லா. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. தொண்ணூறுகளின் பின்பாதியில், இதே வெள்ளவத்தையில், இதைப் போன்ற இன்னொரு ஒழுங்கையில் இருந்த அச்சகத்தில் நானும் அவளும் ஒன்றாக வேலை செய்தோம். நான் கொம்பியூட்டரில் தமிழ் அடிக்கிறவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு லொட்ஜ் அறையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் யாழ்ப்பாணம்" என்பாள். முதலில் மூக்கு நுனியில் கோபம் வந்தது. பிறகு அவள் வராத நாட்களில், அப்படிக் கூப்பிட ஆளில்லாமல், என்னவோ போல இருந்தது.

அந்த அச்சகத்துக்குச் சோறு போட்டது கலியாணக் கார்ட். சண்டைக் காலம். வெளிநாட்டு மாப்பிள்ளைமார் ஊருக்குப் போகமுடியாது, பெண்கள்தான் கொழும்புக்கு வரவேண்டும். மாப்பிள்ளை லீவில் வந்து இறங்குவார், தாலியைக் கட்டுவார், ரிசெப்ஷன் வைப்பார், பறந்துவிடுவார். அந்த அவதிக்குள் கார்ட் அடித்து எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும். கார்டை எந்த அச்சகமும் அடிக்கும். எங்கள் முதலாளியின் விசேஷம் கடித உறை. அழைக்கப்படுகிறவரின் பெயரை, திரு. திருமதி இன்னார் குடும்பத்தினர் என்று, மையில் தோய்க்கிற பேனாவால் சாய்வெழுத்தில் கையாலேயே எழுதிக் கொடுப்பார்கள். சனத்துக்கு அதில் ஒரு பைத்தியம். கனடாவில் இருக்கிற மச்சாள் உறையைப் பிரிக்க முதலே வாயைப் பிளக்கவேண்டும், அதுதான் கணக்கு.

எழுதுவதற்கென்றே வாசலோடு, கண்ணாடிக்குப் பின்னால், தேக்கு மேசை ஒன்று இருந்தது. முன் மேசை என்போம். தெருவால் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பார்த்தவர்களில் யாராவது உள்ளே வருவார்கள். அதில் இருந்து எழுதியவர் திடீரென்று ஜெர்மனிக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் ஆட்கள் அப்படித்தான், முதல் நாள் பின்னேரம் "நாளைக்கு வாறன்" என்று போவார்கள், அடுத்த கிழமை பிராங்ஃபேர்ட்டிலிருந்து கோல் வரும். அவருடைய இடத்துக்குத்தான் ஸ்டெல்லா வந்தாள். முதலாளி ஓர் உறையைக் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னார். அவள் முன் மேசையில் இருந்தாள், பேனாவை எடுத்தாள், இடக்கையால்.

முதலாளியின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றில் கல்லுக் கடித்தவரின் முகம். ஆனால் எழுத்தைப் பார்த்ததும் கல் கரைந்துவிட்டது. கோட்டை பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் கம்பியைப் பிடித்து நிற்கிற அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்வார்களே, அப்படி ஒரு சாய்வு. சாய்ந்தாலும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காத சாய்வு. கடையில் விற்கிற நிப் வலக்கைக்காரருக்குச் செய்தது என்று, அதைத் தங்கள் வீட்டுச் சீமெந்துப் படியில் தேய்த்து மறுபக்கம் சரித்து வைத்திருந்தாள். அதனால்தான் தடிப்பும் மெலிவும் இடம் மாறி விழுந்தன. பிரணவன் வியக்கிற தடிப்பு கொட்டாஞ்சேனைப் படிக்கட்டில் தேய்த்தெடுத்தது.

முதலாளி அவளை வேலைக்கு எடுத்தார். ஆனால் முன் மேசையில் அல்ல. பேப்பர் வெட்டுகிற மெஷினுக்குப் பின்னால், கக்கூசுக்குப் பக்கத்தில், ஒட்டுப்பலகையால் ஒரு தட்டி அடித்து அதற்குள் இருத்தினார். என் கொம்பியூட்டரும் அதற்குள்தான் இருந்தது, தூசு படக்கூடாதென்று. முன் மேசையில் பிளாஸ்டிக் ரோசாப் பூ வைத்த சாடி குந்தியது. வருகிறவர்கள் "ஆர் எழுதுறது?" என்று கேட்டால் முதலாளி பக்குவமாக, "உள்ளுக்கு ஒருத்தர் இருக்கிறார்" என்பார். சனம் திருநீறு பூசின வயதான வாத்தியார் ஒருவரை மனதில் எழுப்பிக்கொண்டது. ஒரு பெண்வீட்டார் கலியாணம் முடிந்த கையோடு "எழுதின ஐயாவுக்கு" என்று பட்டுக்கரை வேட்டியும் சால்வையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஸ்டெல்லா அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளுடைய அப்பா அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் அந்த வருஷம் மாதா திருநாளுக்குப் போனார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் தட்டிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இடக்கைக்கென்று அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்ததாம். சோறு வலக்கையால் தின்ன வேண்டும், யாருக்கும் எதையும் வலக்கையால் கொடுக்க வேண்டும், வலக்கையால் வாங்க வேண்டும். எழுத்து மட்டும் அவள் விருப்பம். அந்த ஒன்றைப் பெறுவதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன் என்பாள். இடக்கையால் எழுதுகிறவர்களுக்கு ஒரு கரைச்சல் உண்டு, எழுதிய எழுத்தின் மேலாலேயே கை நகரும், ஈர மை இழுபடும். அதற்காக மணிக்கட்டில் முகப்பவுடரைப் பூசிக்கொள்வாள். அப்படியும் எங்கேயாவது ஒரு வால் இழுபடும், ஓர் ஓரம் கலங்கும். எங்கள் உறைகளில் மெல்லிய பவுடர் வாசம் இருக்கும். அது நாங்கள் தனியாகப் பூசுகிற வாசனை என்று சனம் நினைத்தது. முதலாளியும் மறுக்கவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. முன் மேசையில் இருந்து, தெரு பார்க்க எழுதவேண்டும். முதலாளி மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன கையோடு எழும்பிப் போய்ப் பூச்சாடியை ஓரமாக நகர்த்திவிட்டு அங்கே இருப்பாள். "ஏய் யாழ்ப்பாணம், இங்க வெளிச்சம் விழுறதப் பாரு. இந்தப் பக்கத்தால விழுது. இந்த மேசை என்ட கைக்கெண்டே போட்டது" என்பாள். இடக்கைக்காரிக்கு வெளிச்சம் வலப்பக்கத்தால் விழவேண்டும், அங்கே அப்படித்தான் விழுந்தது. தெருவில் தேங்காய் விற்கிற சிங்கள ஐயா ஒருவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து, "லஸ்ஸனய், நங்கி" என்று தலையாட்டுவார். வடிவாக இருக்கிறது தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் போவார், கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். முதலாளியின் காரின் சத்தம் கேட்டதும் நாங்கள் தட்டிக்குள் ஓடிவிடுவோம்.

ஒருநாள் ஒரு பெண்ணின் தாய் வந்தார். கழுத்து நிறைய நகை, கையில் பிள்ளையார் கோயில் பிரசாதம். முதல் கார்டைச் சாமிக்கு வைக்கவேண்டும், நாலு மூலையிலும் மஞ்சள் தடவித் தாருங்கள் என்று கேட்டார். முதலாளி மஞ்சள் கிண்ணம் எடுக்கத் திரும்பிய நேரம், அந்த அம்மா எழுதுகிறவரைக் கண்டு இரண்டு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று தட்டிக் கதவைத் தள்ளினார். நல்ல மனம்தான், நான் குறை சொல்லவில்லை. ஸ்டெல்லா அவருடைய உறைகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ! என்ர பிள்ளையின்ர நல்ல காரியத்துக்கு இடக்கையாலயோ எழுதுறியள்?"

அந்தச் சத்தத்தில் பேப்பர் வெட்டுகிற மெஷின் நின்றுவிட்டது. ஸ்டெல்லா எழும்பினாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுதிய உறையை வலக்கையால், மிகுந்த மரியாதையோடு, அந்த அம்மாவிடம் நீட்டினாள். "எழுத்து வடிவா இல்லையா, அம்மா?"

"எழுத்து வடிவுதான் பிள்ளை," என்றார் அந்த அம்மா. அதை வாங்கவில்லை. "கைதான்."

எழுதி முடித்த உறைகள் எல்லாம் குப்பைக்குப் போயின. முதலாளியின் மைத்துனர் வந்திருந்து வலக்கையால் கோழி கிண்டிய எழுத்தில் எல்லாவற்றையும் திரும்ப எழுதினார். அந்த அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். இத்தனை வருஷமாகியும் அந்த ஒற்றலை நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

ஸ்டெல்லாவை அன்றைக்கே நிறுத்திவிடுவார் என்று நாங்கள் பயந்தோம். முதலாளி அப்படிச் செய்யவில்லை. அடுத்த நாள் காலை, சந்தனப் பொட்டோடு, பழைய சிரிப்போடு வந்தார். புதிதாக ஒரு ஸ்கேனர் வாங்கியிருந்தார். "கொம்பியூட்டருக்கு இடக்கை வலக்கை இல்லைத்தானே," என்றார். ஸ்டெல்லா எல்லாத் தமிழ் எழுத்தையும் பெரிதாக எழுதித் தரவேண்டும். நான் அவற்றை ஸ்கேன் பண்ணி எழுத்துருவாக்க வேண்டும். பிறகு உறையெல்லாம் மெஷினில் அடிக்கலாம், ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டார்கள். "இது முடியட்டும் பிள்ளை, உம்மை முன் மேசைக்குக் கொண்டுவாறன். ஓடர் எடுக்க, சனத்தோட கதைக்க, உம்மை மாதிரி ஒரு ஆள் வேணும்." இதை என் காதாலும் கேட்டேன்.

ஸ்டெல்லா அதை நம்பினாள். நானும் நம்பினேன். இரண்டு பேரும் சேர்ந்து மாதக்கணக்கில் அந்த வேலையைச் செய்தோம். அவள் மாதிரி உற்சாகமாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. ஓர் எழுத்துப் பிடிக்காவிட்டால் திரும்ப எழுதுவாள், அதையும் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதுவாள். "இனி என்ட கையை ஒருத்தரும் பாக்கத் தேவையில்ல, எழுத்தைத்தானே பாப்பாங்க," என்பாள். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

ஸ்கேன் பண்ணிப் பெருப்பித்துப் பார்த்தால் எழுத்தின் ஓரமெல்லாம் இழுபட்ட மை தெரிந்தது. எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக்கவேண்டும் என்றார் முதலாளி. மௌஸைப் பிடித்துக்கொண்டு புள்ளி புள்ளியாக நான் அழித்தேன். இரண்டு கலங்கல் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஒரு இடத்தில் மணிக்கட்டு தொட்டிருந்தது, ஒரு இடத்தில் சட்டைக் கை தொட்டிருந்தது. ஸ்டெல்லா பின்னால் நின்று என் தோளில் நாடியை ஊன்றிப் பார்த்தாள். "ஏய், அது என்ட கை போன வழி. எல்லாத்தையும் துடைக்கிறாய்," என்று சிரித்தாள். பவுடர் மணத்தது.

எழுத்துரு முடிந்த நாள் முதலாளி எல்லாருக்கும் மாலு பான் வாங்கிக் கொடுத்தார். மீன் வைத்த பணிஸ், சுடச்சுட. முதல் பிரதியைக் கையில் உயர்த்திப் பிடித்து, இதற்குச் "சுபமுகூர்த்தம்" என்று பெயர் வைத்திருக்கிறேன் என்றார். அபசகுனம் என்று குப்பையில் போட்ட கைக்குப் பெயர் சுபமுகூர்த்தம். எல்லாரும் கை தட்டினோம். பிறகு ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் இனி அந்த இருட்டுக்குள்ள இருந்து கஷ்டப்பட வேண்டாம்."

ஸ்டெல்லாவின் கண் முன் மேசைக்குப் போனதை நான் பார்த்தேன். "தேங்க்யூ சேர்," என்றாள்.

"இந்த மாதத்தோட நிண்டு கொள்ளும். எழுத இனி ஆள் தேவையில்லைத்தானே. நல்ல ஒரு கடிதம் தாறன், எங்க போனாலும் வேலை கிடைக்கும்."

அவள் கையில் பாதி தின்ற மாலு பான் இருந்தது. அதை மெல்ல டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள், வலக்கையால். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "முன் மேசை எண்டு சொன்னீங்களே சேர்?" என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "முன் மேசை கடையின்ர முகம் பிள்ளை. நாலு பேர் நல்ல காரியத்துக்கு வாற இடம்," என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அடுத்த மாதம் அங்கே அவருடைய மனைவியின் தங்கை மகள் வந்து இருந்தாள். நல்ல பெட்டைதான். வலக்கைக்காரி.

நானும் அங்கே அதிக காலம் இருக்கவில்லை. ஆனால் சுபமுகூர்த்தம் இருந்தது, பெருகியது. யாரோ டிஸ்கில் களவாக எடுத்துக்கொண்டு போக, வெள்ளவத்தையில், கொட்டாஞ்சேனையில், வத்தளையில், பிறகு கடல் கடந்து டொரொன்டோவில் எல்லாம் அந்த எழுத்து முளைத்தது. பூப்புனித நீராட்டு விழா, ரியூட்டரி வகுப்பு விளம்பரம், நகைக்கடைப் பை, எல்லாவற்றிலும் அது. மரண அறிவித்தலிலும் போட்டுவிட்டார்கள் என்று முதலாளி ஒருமுறை தலையில் கைவைத்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மனம் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. சில வருஷம் கழித்து ஸ்டெல்லாவின் அப்பா இறந்துபோனார். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் கறுப்பு வெள்ளைக் கொடிகளைக் கடந்து போனால், மின்கம்பத்தில் அவருடைய அறிவித்தல் ஒட்டியிருந்தது. பெயர் சாய்ந்திருந்தது. ஏதோ ஒரு பக்கத்து அச்சகத்தில் அவசரமாக அடித்தது, அவர்களுக்கு என்ன தெரியும். ஸ்டெல்லா என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள், பிறகு அந்தக் கம்பத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "பாத்தியா யாழ்ப்பாணம்? அப்பாட பேரை நான்தான் எழுதியிருக்கேன். எனக்கே தெரியாம எழுதியிருக்கேன்." அழுத கண்ணோடு சிரித்தாள். பெட்டிக்குள் அவர் அந்தப் பட்டுக்கரை வேட்டியோடு கிடந்தார்.

பிறகு அவள் கலியாணம் கட்டி வத்தளைக்குப் போனாள். வீட்டோடு சின்னதாக ஒரு நேசரிப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் மாறி மாறி வட்ஸப்பில் குரல் அனுப்புவோம். அதற்குப் பிறகு அவள் எழுதி நான் ஒன்றும் பார்த்ததில்லை. இப்போது யார் யாருக்கு எழுதுகிறார்கள்?

இதையெல்லாம் அந்தப் பலகைக்குக் கீழே இருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி ஆறிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். நான் மாதக்கணக்கில் துடைத்துச் சுத்தமாக்கிய எழுத்தை வாங்கி, பழசாகத் தெரியவேண்டும் என்று யாரோ மெனக்கெட்டு உடைத்திருக்கிறார். இப்படிச் சிதைத்த எழுத்துக்கு டிஸ்ட்ரெஸ்ட் என்று பெயராம், பிரணவன் சொன்னார். ஆனால் பலகையில் இருந்த எல்லாக் 'க'வுக்கும் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு. வடையின் 'வ'வும் வாழைப்பழ ரொட்டியின் 'வா'வும் ஒரே பக்கத்தில் ஒரே அளவு அரித்திருந்தன. யாருடைய கையும் போன வழி அல்ல அது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. எல்லாவற்றையும் பிரணவனிடம் கொட்டினேன். அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன் என்றால் என் புத்தியைத்தான் சொல்லவேண்டும். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "லெஃப்ட் ஹாண்டரா அன்ரி? எவ்வளவு ஸ்பெஷல்! அவ இங்க வந்து எழுதுவாவா? இந்தக் கண்ணாடி மேசையில இருந்து, லைவா, ஆக்கள் பாக்கப் பாக்க. நாங்கள் வீடியோ எடுப்பம்." வாசலோடு, தெருவைப் பார்த்தபடி, வலப்பக்கத்தால் வெளிச்சம் விழ, மேசை ஒன்று கிடந்தது. கோபத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு ஸ்டெல்லாவுக்குக் கோல் எடுத்தேன்.

"உனக்கு முன் மேசை கிடைச்சிருக்கு," என்றேன். "என்ன சாரி உடுத்திக்கொண்டு வர?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை வந்தாள். பச்சைச் சாரி, தலையில் நரை. நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் வந்த வியர்வையை ஒற்றிக்கொண்டு பலகையை நிமிர்ந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். "வடிவா எழுதியிருக்காங்க," என்றாள். பிரணவன் தடித்த வெள்ளைக் கார்ட், மைப்போத்தல், பேனா எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். ஃபோனை ஒரு தாங்கியில் பூட்டியிருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சுற்றி நின்றார்கள். ஸ்டெல்லா கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாள், பேனாவை எடுத்தாள். வலக்கையால்.

'அம்மா' என்று எழுதினாள். நேசரிப் பிள்ளைக்கு எழுதிக் காட்டுவதைப் போல, நிமிர்ந்த, உருண்டையான, சாதுவான எழுத்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அன்ரி," என்றார் பிரணவன் மெதுவாக, "மற்றக் கையால…"

"அது எப்பவோ மாத்திட்டேன் தம்பி. நேசரி தொடங்கின புதுசில தாய்மார் வந்து நிண்டாங்க, உங்களைப் பாத்து எங்கட பிள்ளையும் இடக்கையால எழுதப் பழகும் எண்டு. என்ன செய்யிறது? ஒரு லீவுக்குள்ள மாத்தினேன்." மன்னிப்புக் கேட்கிறவளைப் போலச் சிரித்தாள்.

ஃபோன் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தது. அவள் பேனாவை இடக்கைக்கு மாற்றினாள். கை கார்டுக்கு மேல் போய் நின்றது, இறங்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்திப் பலகையைப் பார்த்தாள்.

"அதைப் பாத்து எழுதட்டா?" என்று கேட்டாள்.

பார்த்து எழுதினாள். ஓர் எழுத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, திரும்பக் குனிந்து எழுதினாள். 'அந்தக்' என்று வந்தது, சாய்வு நடுங்கியது. 'கா'வுக்குப் போகும்போது கை தன் பாட்டில் நகர்ந்து ஈர மையைத் தொட்டது. மணிக்கட்டு இழுத்த இடத்தில் ஒரு நீண்ட கலங்கல் விழுந்தது. அது அவளுடையது. அந்தக் கடை முழுவதிலும் உண்மையில் அவளுடையதென்று இருந்தது அது ஒன்றுதான்.

"பரவாயில்லை அன்ரி, அது பழுதாப் போச்சு," என்று பிரணவன் பாய்ந்து அந்தக் கார்டை உருவி எடுத்தார். சிந்திய மையை அதாலேயே துடைத்து, சுருட்டிக் கூடைக்குள் போட்டார். "வேற கார்ட் தாறன்."

அந்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடு. முதலாளி லண்டனில் மகளோடு இருந்து அங்கேயே முடிந்துபோனார். தட்டியும் இல்லை, தேக்கு மேசையும் இல்லை. அவற்றில் ஒன்றும் போனதற்கு எனக்கு ஒரு துளி கவலை கிடையாது. இடக்கை இப்போது ஸ்பெஷலாம். சொல்லுங்கள், யாரிடம் போய்ச் சொல்வது, கொஞ்சம் பிந்திவிட்டதென்று?

ஸ்டெல்லா புதுக் கார்டைத் தொடவில்லை. தன் இடது மணிக்கட்டைத் திருப்பி, அதில் இருந்த மையைப் பார்த்தாள்.

"யாழ்ப்பாணம்," என்றாள், "இங்க கை கழுவுற இடம் எங்க?"